வராதுங்க என்று சொன்ன மெம்பரக்கா

ஓட்டுக் கேட்டு வந்த இடத்தில், "வாய்க்காத் தண்ணி நான் ஜெயிச்சாலும் வராதுங்க தம்பி, அதையும் சொல்லிப்போடறன்" என்று சொல்லிவிட்டு நோட்டீஸை நீட்டிய ஒரே வேட்பாளர் அவர்தான். நான் நோட்டீஸை வாங்கிக்கொண்டு விழித்தேன். எனக்கு ஓட்டுக் கேட்பவர்களிடம் பொய் கேட்டுத்தான் பழக்கம். அது கிடைக்காவிட்டால் ஏதோ குறைவது போல் இருக்கும்.

எங்கள் வார்டு அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கட்சிக்காரர்கள் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஒரு சாதுவான மனிதரைப் பார்த்து, அவர் மனைவியை நிறுத்தினால் நாம் சொன்னபடி ஆடுவார் என்று கணக்குப் போட்டார்கள். அந்தம்மா ஜெயித்தும் விட்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் மெம்பரக்கா. அவர் ஊரை விட்டு மகனோடு திருப்பூருக்குப் போய் இப்போது சில காலம் ஆகிறது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னயப் பத்தி எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி" என்பார். அதையும் நேராகவே சொல்வார்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லேப்பிள்ளி தாண்டிக் கிழக்கே, வாய்க்கால் கடைசியாக வந்து மூச்சை விடுகிற இடம். கொச்சி ராஜா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வந்து காட்டைத் திருத்திய குடியானவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். மாநிலம் பிரித்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், விழுந்துவிட்டோம். பேசுவது தமிழ், மனு எழுதுவது மலையாளம், அணையைத் திறப்பது தமிழ்நாடு. மூன்று இடத்திலும் கெஞ்சத் தெரிந்த ஜனம் கேரளத்தில் வேறு எங்கும் இருக்காது. மேற்கே இருப்பவர்களுக்கு மழை. எங்களுக்கு மழையைப் பற்றிய செய்தி. நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறி, தென்னையைக் கள்ளு இறக்குகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுப் பிழைக்கிறோம். எங்கள் மரத்துக் கள்ளு வேனேறித் தெற்கே எங்கெங்கோ போகிறது. அங்கே குடித்துவிட்டுப் பாடுகிறவனுக்கு, அந்தப் பாட்டு எங்கள் கிணற்றுத் தண்ணீர் என்பது தெரியாது.

அந்தக் கிணறுகள்தான் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. என் கிணற்றில் கல்லைப் போட்டால் 'ணங்' என்றது. எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும். அடுத்தபடியாக வாய் கலங்கி ஜோக்காக வரும். "கெணத்துல கிரிக்கெட் ஆடலாம்" என்று டீக்கடையில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மூன்றாம் தடவையாகக் கக்கூசுக்குப் போவேன். மகளின் படிப்பு, மனைவியின் மருந்து, என் கௌரவம் எல்லாமே அந்தத் தென்னந்தோப்பின் கொண்டையில்தான் உட்கார்ந்திருந்தன.

மெம்பரக்காவின் முறை எளிமையானது. நாம் ஒன்று கேட்டால், குடையை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்கோ, கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசுக்கோ போவார். கேட்பார். திரும்பி வந்து, அவர்கள் சொன்னதை நம் வாசலில் நின்று சொல்வார்.

"ரோடு?"

"கெடைக்காதுங்க."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசமும் கெடைக்காதுங்க. நம்ம எடம் லிஸ்டுலயே இல்லீங்க."

ஆபீசில் அவருக்கு மலையாளத்தில் 'சரியாக்காம்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். வேறு மெம்பர்கள் அதை அப்படியே வாங்கி வந்து, கொஞ்சம் சர்க்கரை தூவி, 'எல்லாம் சரி பண்ணித் தர்றன்னுட்டாங்க' என்று ஊருக்கு ஊட்டுவார்கள். இவர் மட்டும், "சரியாக்காம்னா சரியாக்க மாட்டாங்கன்னு அர்த்தமுங்க. நான் அவிய மொகத்தப் பாத்தன்" என்று முடித்துவிடுவார். முடித்துவிட்டு உடனே போய்விடவும் மாட்டார். நம் முகம் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு, அது ஓரளவு எழுந்திருக்கும்வரை கூடவே உட்கார்ந்திருப்பார். டீ கொடுத்தால் குடிப்பார். அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. கெட்ட செய்தியைக் கதவிடுக்கில் சொருகிவிட்டு ஓடுகிறவர் இல்லை.

ஓணத்துக்கு எங்கள் கிளப்பில் வடமிழுக்கும் போட்டி. பரிசு, ஒரு பெரிய நேந்திரங்குலை. எங்கள் வார்டுப் பையன்களும் பக்கத்து வார்டும் இழுத்தார்கள். எங்கள் பையன்கள் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே போய் விழுந்தார்கள். கிளப் செயலாளர் சமயோசிதமாக மைக்கைப் பிடித்து, "இரு அணிகளும் வெற்றி பெற்றதாக..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் தலைமை தாங்கிக்கொண்டிருந்த மெம்பரக்கா மைக்குக்கு வெளியே சொன்னது மைக்கிலேயே கேட்டது: "அந்தப் பக்கந்தானுங்க ஜெயிச்சாங்க. நம்ம பசங்க தோத்துட்டாங்க, பாவம்." குலை பக்கத்து வார்டுக்குப் போனது. எங்கள் பையன்கள் அவரை ஒரு வாரம் முறைத்தார்கள். குலை தூக்கிப் போனவர்களும் முறைத்தார்கள் என்பதுதான் விசேஷம். நேர்மையாகப் பரிசு வாங்கியதில் அவர்களுக்கே ஏதோ கூச்சம்.

அப்புறம் என் தோப்பில் போர் போட்டேன்.

போர் வண்டி வந்து நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. கற்பூரம் எரிகிறது. என் மனைவி சந்துப் பக்கம் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "மெம்பரக்கா வருது! வாயத் தொறந்து எதையும் கேட்டுப்போடாதீங்க!"

கேட்டால்தானே சொல்வார். கேட்காமல் இருந்தால்? நான் அவரை வரவேற்று உட்கார வைத்து, இடைவெளியே விடாமல் பேசினேன். அவர் வீட்டுக்காரரின் முழங்கால் வலி, மாட்டுத் தவிட்டின் விலை, மகன் வேலை, மழையே பெய்யாத பருவத்தில் குடை வைத்திருப்பதன் நன்மைகள். அவர் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நான் இருமினேன். இருமி இருமி எனக்கு உண்மையிலேயே இருமல் பிடித்துவிட்டது. வண்டி இரைந்தது. பூமிக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று புழுதி கிளம்பி எங்கள் இருவரையும் மூடியது. குழாய் இறங்க இறங்கப் புழுதியே வந்தது. கடைசிவரை புழுதிதான்.

முகத்தில் அப்பிய புழுதியை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவர் எழுந்தார். "நான் ஒண்ணுமே சொல்லலீங்க தம்பி" என்றார். அந்தக் குரலில் இருந்தது எனக்கு அன்று பிடிபடவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, ஊர் தன்னை என்ன சொல்லத் தொடங்கியிருக்கிறதென்று.

கருநாக்கு.

சாயங்காலமே டீக்கடையில் தீர்ப்பாகிவிட்டது. "அக்கா ஒண்ணும் சொல்லலீங்களே" என்று நான் சாட்சி சொன்னேன். "சொல்லலேன்னா என்னங்க? மனசுல நெனச்சிருக்கும்" என்றார் பெரியவர் ஒருத்தர். அவர் எங்கள் வார்டில் அதிக நிலம் உள்ளவர், ஆகவே அதிகம் வற்றியவர். எல்லோரும் அவர் பேச்சுக்குத் தலையாட்டினார்கள். ஆபீசில் போய்க் கேட்டு வந்து இல்லை என்று சொன்னவரிடம், நீ சொன்னதால்தான் இல்லாமல் போயிற்று என்று முடிவு கட்டுவது எங்கள் ஜனத்தால் மட்டுமே முடிகிற காரியம். அதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. அரசாங்கத்தை, அணையை, வானத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. பால்காரர் பெண்டாட்டியை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

அந்த வருடத்துக் கிராம சபைக்கு ஒரு என்ஜினீயர் வந்தார். பள்ளிக்கூடச் சுவரில் படம் மாட்டினார். படத்தில் ஒரு நீலக் கோடு வளைந்து வளைந்து எங்கள் வார்டு வரைக்கும் வந்தது. வாய்க்கால் தண்ணீரைக் குழாயில் அடைத்துக் கடைசித் தோப்பு வரைக்கும் கொண்டு வரும் திட்டம். கைதட்டல் ஓயவில்லை. நானும் தட்டினேன், கை சிவக்க. நீலக் கோடு என் தோப்பின் மேலேயே போனது.

மெம்பரக்கா நன்றி சொல்ல எழுந்தார்.

"சாருக்கு நன்றிங்க. கோடு நல்லா இருக்குதுங்க. அந்தக் கோட்டுக்கு மேல் முனையில தண்ணி எங்கிருந்து வருமுன்னு கேட்டனுங்க. மேல இருக்கற ஊருக்கெல்லாம் பாஞ்சு மிச்சம் இருந்தா வருமாங்க. நமக்கு மிச்சம் என்னிக்கி வந்துருக்குது? வராதுங்க. தென்னைய நம்பி யாரும் இருக்காதீங்க."

"மெம்பரே, மொதல்ல வாயக் கழுவுங்க!" என்று பெரியவர் கத்தினார்.

"கழுவறதுக்கும் தண்ணி வரோணுமே" என்று நான் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த தேர்தலில் வார்டு பொதுவாகிவிட்டது. மெம்பரக்கா நின்றார், தோற்றார். எல்லாவற்றுக்கும் 'ஆகட்டுங்க, பாக்கலாங்க' என்று சொல்கிற ஒருவர் வந்தார். ஊருக்கு மூச்சு வந்தது.

மெம்பரக்காவுக்கு அதன் பிறகுதான் கஷ்ட காலம். கல்யாணப் பத்திரிகைகள் அவர் வீட்டுக்காரர் பேருக்கு மட்டும் வந்தன. அந்த மனிதர் தனியாகப் போய், தனியாகச் சாப்பிட்டு, வெற்றிலையை மடித்து எடுத்து வருவார். விதை கொண்டு போகிற பெண்கள் மெம்பரக்காவைக் கண்டால் பாதையை மாற்றினார்கள். ஒரு நாள் பால் சொசைட்டி வாசலில் என்னிடம் சொன்னார்: "நான் போனா, பொறந்த கன்னுக்குட்டிய சாக்கப் போட்டு மூடறாங்க தம்பி."

"குளிருதுன்னு மூடியிருப்பாங்கக்கா" என்றேன். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ஒருத்தர், மெனக்கெட்டுச் சொல்லப்பட்ட மோசமான பொய்யைப் பார்க்கிற பார்வை. பிறகு பால் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழாய் போட்டார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். கருகருவென்று தடிமனான குழாய் மாதக்கணக்கில் ரோட்டோரம் கிடந்து, ஆடுகள் அதற்குள் படுத்து, ஒரு வழியாக மண்ணுக்குள் போனது. திறந்த அன்று வார்டே கூடியது. மெம்பரக்காவை வர வேண்டாம் என்று முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். குழாய் ஒரு தடவை இருமியது. உள்ளே ஏதோ உருண்டது. கொஞ்சம் துருத் தண்ணீர் கக்கியது. பின்பு காற்று வந்தது. வெகுநேரம் நல்ல காற்று.

கோடை முற்றியது. தென்னைகளின் ஓலை மடங்கித் தொங்க ஆரம்பித்தது. கள்ளு இறக்குகிறவர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, மரத்தில் ஏறுவதற்குக் கட்டியிருந்த மட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தெறிந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு மர வியாபாரி வந்தார். நல்ல மனிதர், அதனால் பேச்சு சுருக்கமாக இருந்தது. "உயிர் இருக்கறப்பக் குடுத்தா மரத்து வெலைங்க. கொண்டை விழுந்து வண்டு பூந்துதுன்னா வெறகு வெல. ரெண்டு நாள் இங்கதான் இருப்பனுங்க. அப்பறம் கெழக்க போயிருவன்."

வார்டு முழுக்க அதே யோசனை. வெட்டி விற்பதா, தண்ணீர் வரும் என்று நிறுத்துவதா? வெட்டினால் கையில் கொஞ்சம் நிற்கும். ஆனால் தோப்பு போய்விடும். நிறுத்தித் தண்ணீர் வராவிட்டால் இரண்டும் போய்விடும்.

டீக்கடையில் பெரியவர்தான் வழி கண்டுபிடித்தார். "வராதுன்னு சொன்ன வாய் ஒண்ணு. அந்த வாயாலயே வருமுன்னு சொல்ல வெச்சுட்டா?"

கிராம சபையில்கூட அத்தனை ஒற்றுமையாக ஒரு தீர்மானமும் நிறைவேறி நான் பார்த்ததில்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், ஒரு சீலை எல்லாம் வைத்துத் தட்டம் தயாரானது. நானும் போனேன். மற்றவர்கள் 'வரும்' என்று கேட்கப் போனார்கள். நான் அவர் 'வராது' என்று சொல்வதைக் கேட்கப் போனேன். அதைக் கேட்டுவிட்டால் நேராக வியாபாரியிடம் போய்த் தோப்பைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். எனக்குத் தெரிந்து உண்மை கிடைக்கிற ஒரே ஆபீஸ் அவர் வாசல்தான்.

மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தவர், தட்டத்தைப் பார்த்ததும் எழுந்தார். அவர் வீட்டு வாசலுக்குத் தட்டம் வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மிணி, நீங்க ஒரு வார்த்த சொல்லோணும்" என்றார் பெரியவர். "தண்ணி வருமுன்னு."

"ஆபீசுல போயிக் கேட்டுட்டு வர்றனுங்க."

"கேக்க வேண்டாம் அம்மிணி. சொன்னாப் போதும்."

"தெரியாதத எப்பிடிங்க சொல்றது?"

"தெரிய வேண்டியதில்ல. வாயில வந்தாப் போதும்."

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்துக்கு வந்தபோது, சொல்லுங்கக்கா, வராதுன்னு சொல்லுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினேன். என் முகத்தில் அது எப்படித் தெரிந்ததோ. பயந்த மூஞ்சிக்கு ஒரே அச்சுத்தான்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். அந்த மனிதர் ஊர் நடுவில் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. "சொல்லிப்போடு புள்ள. நானும் எத்தன கல்யாணத்துலதான் தனியா உக்காந்து சோறு திங்கறது?"

மெம்பரக்கா தட்டத்தை வாங்கினார்.

"வருமுங்க" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க அம்மிணி!"

"தண்ணி வருமுங்க."

பெண்கள் குலவையிட்டார்கள். அவருக்குக் குங்குமம் வைத்தார்கள். ஒருத்தி அழுதாள்.

அந்த வார்த்தையை எப்படிப் பிடுங்கினார்கள் என்று என் இரண்டு கண்ணால் பார்த்தவன் நான். அப்படியிருந்தும், வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் என் வயிறு மெல்ல அடங்கியதைக் கவனித்தேன். அடங்கிய வயிறு மூளையிடம் பேச ஆரம்பித்தது. இந்த அக்கா சொல்லி நடக்காதது எது? ரோடு வராது என்றார், வரவில்லை. குழாயில் தண்ணீர் வராது என்றார், வரவில்லை. ஒரு தடவையாவது தப்பியிருக்கிறதா? அப்படிப்பட்டவர் வரும் என்கிறார். வீட்டை அடைந்தபோது நான் ஏறக்குறைய பாடிக்கொண்டிருந்தேன். மர வியாபாரிக்கு மோர் கொடுத்து, "எங்க மெம்பரக்காவே சொல்லிட்டாங்க" என்று அனுப்பி வைத்தேன். வார்டில் ஒருவர் பாக்கியில்லாமல் அவரை அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள்.

தென்னை சாவதில் சத்தம் உண்டு. முதலில் ஓலைகள் விழும், அது பழகிய சத்தம். பிறகு கொண்டை ஒட்டுமொத்தமாகக் கழன்று விழும். தொப்பென்று, ஆள் விழுந்த மாதிரி. பகலில் சோறு தின்னும்போது அந்தச் சத்தம் கேட்டால் மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ரசத்தை ஊற்றிக்கொள்வோம். கோடை முடிவதற்குள் என் தோப்பில், வீட்டுக் கிணற்றை ஒட்டிய சில மரங்கள் தவிர, மீதியெல்லாம் வெறும் கம்பங்களாக நின்றன. கரண்டு இலாகாக்காரன் பார்த்தால் கம்பி இழுத்திருப்பான். வியாபாரி திரும்பி வந்து கோடாலியின் பின்புறத்தால் தட்டினார். உள்ளே பொள்ளென்றது. "சூளைக்காரங்களக் கேட்டுப் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி கேட்டில் காக்கிச் சட்டை போட்டு நிற்கப் போனேன். நல்ல வேலைதான், யார் வந்தாலும் உள்ளே விடலாமா என்று வேறொருத்தரைக் கேட்டால் போதும். பெரியவர் பாதி நிலத்தை விற்றார். சிலர் ஊரைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

மெம்பரக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாமல் இருக்கிறது. "பாவம், அவங்க நல்ல வார்த்ததான் சொன்னாங்க. நம்ம விதி" என்றார்கள். உண்மை சொன்னதற்குக் கன்றுக்குட்டியை மூடியவர்கள், பொய் சொன்ன பிறகு கன்றுக்குட்டிக்குப் பேர் வைக்க அழைத்தார்கள். பத்திரிகைகள் இருவர் பேரிலும் வந்தன. வார்டு மறுபடி பெண்களுக்கு வந்தபோது போட்டியே இல்லாமல் அவரை மெம்பராக்கினார்கள்.

கிணற்றோரத்து மரங்களைக் கேட்டு அந்த வியாபாரி மறுபடி வந்தார். அவரை வாசலில் நிறுத்திவிட்டு நான் மெம்பரக்காவிடம் ஓடினேன். அவர் வாசலில் மனுக்களோடு கூட்டம். எல்லோரிடமும், "ஆகட்டுங்க", "பாக்கலாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் முகம் மலர்ந்து போனார்கள். நான் கடைசியில் நின்றேன்.

"அக்கா, இருக்கறது அந்த நாலு மரந்தான். தண்ணி வருமுங்களா, வராதுங்களா? வெட்டிப்போடட்டுங்களா?"

"பாக்கலாங்க தம்பி."

"அக்கா, நான் தட்டமொண்ணும் கொண்டாரல. ஊர்க்காரங்க யாரும் கூட இல்ல. எனக்கு மட்டும் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த மனுக்களைத் திண்ணையில் வைத்தார்.

"நெசஞ் சொன்னப்ப யாரு தம்பி கேட்டீங்க? பொய் சொன்னன். அன்னிக்கி எல்லாருங் கேட்டீங்க. வார்டுல ஒரு தோப்பு மிச்சமில்ல. இனி நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க." பிறகு, தெருவரை கூடவே வந்து, மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில், "பாக்கலாங்க" என்றார்.

நான் திரும்பி வந்தேன். வியாபாரி பைக்கில் சாய்ந்து காத்திருந்தார். மனைவி கொடியில் துணி போட்டுக்கொண்டே, "மெம்பரக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்னாங்க."

"அவங்களே பாக்கலாம்னு சொல்லிட்டாங்களா? அப்ப வந்துருமுங்க!" என்று முகமெல்லாம் சிரிப்பாக, ஈரக் கையோடு வாசலுக்குப் போனாள். அவள் என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் நின்றிருப்பார், அவ்வளவு தூரம்தான். நான் திண்டாடிக்கொண்டு நின்றேன். சத்தம் வளைவில் திரும்பிக் கிழக்கே போயிற்று.